பின்னால் நிற்பவருக்காக ஒரு விளக்கு



நம் சபையின் பிக்கப் வண்டியின் பின்புறத்தில் புதிதாகப் பொருத்தப்பட்டிருக்கும் இரண்டு ரிவர்ஸ் விளக்குகளை உங்களில் பலர் கவனித்திருக்கிறீர்கள். "ஐயா, எங்கள் வண்டிக்கும் இப்படிப் போட வேண்டும், எப்படிச் செய்தீர்கள்?" என்று ஆராதனை முடிந்தபின் கேட்டவர்களும் உண்டு. நம்மில் பால் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் ஏற்றுகிறவர்கள், வாழைத்தார் ஏற்றுகிறவர்கள், பந்தல் சாமான் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் விடை சொல்லி அனுப்புவது சரியல்ல என்று எனக்குத் தோன்றியது. மின்வேலையைக் குறித்து அரைகுறையாகச் சொல்வது, ஒன்றும் சொல்லாமல் விடுவதைக்காட்டிலும் தீங்கானது. ஆகவே இந்த வாரச் சிந்தனையை அதற்கென்றே ஒதுக்குகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

முதலாவது, இந்த விளக்கு எதற்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்டி முன்னோக்கிச் செல்லும்போது ஓட்டுகிறவருக்கு எல்லாம் துணையாக இருக்கிறது. கண் முன்னால் இருக்கிறது. கண்ணாடி அகலமாக இருக்கிறது. பக்கத்திற்கு ஒன்றாக 55 அல்லது 60 வாட் முகப்பு விளக்குகள் சாலையை வெளிச்சமாக்குகின்றன. வண்டி பின்னோக்கி நகரும்போதோ இவை யாவும் மாறிவிடுகின்றன. சிறிய கண்ணாடிகளில் தெரிகிற அளவே அவருடைய பார்வை. பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸ் விளக்கின் பல்பு 21 வாட் மட்டுமே. அதன் மேல் புழுதியும் சேறும் படிந்துவிட்டால் இருக்கிற வெளிச்சமும் குறைந்துபோகும். சரக்கு ஏற்றிய பிக்கப்பில் நடுக்கண்ணாடியால் பயன் இல்லை. தார்ப்பாயும் மூட்டைகளும் அதை மறைத்துவிடும். அப்படியானால் இருட்டில் பின்னால் வருகிற வண்டியை ஓட்டுகிறவர் பெருமளவுக்கு நம்பிக்கையின் பேரிலேயே ஓட்டுகிறார். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுக்க நேர்ந்தால், கொடுப்பவர் அவராக இருக்கமாட்டார். பின்னால் நிற்கிறவராகவே இருப்பார்.

இதை நாம் ஓர் இரவிலே கண்கூடாகக் கண்டோம். கிளைச்சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து, நாற்காலிகளையும் ஒலிபெருக்கியையும் வண்டியில் ஏற்றியிருந்தோம். மின்சாரம் தடைப்பட்டிருந்த நேரம். அந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லாததால், முதன்மைச் சாலை வரைக்கும் பின்னோக்கியே வர வேண்டியிருந்தது. ஓட்டிய தம்பி நிதானமானவர். வண்டியும் நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்தது. பாதித் தூரத்தில், பின்னால் நடந்துவந்த வாலிபர் வண்டியின் பக்கத்தகட்டைப் படபடவென்று தட்டினார். வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தபோது, கையிலிருந்து விழுந்த ஊன்றுகோலை எடுப்பதற்காகக் குனிந்திருந்த ஒரு மூதாட்டி, பின்கதவிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தார். வண்டி வருகிற சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "கூட்டம் முடிஞ்சுதா ஐயா?" என்று சாதாரணமாகக் கேட்டார். தமக்கு நேரவிருந்தது என்ன என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருந்தது. வீடு திரும்பும்வரை வண்டியில் ஒருவரும் அதிகம் பேசவில்லை.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்று ஒரு கட்டளை இருப்பதை அறிவீர்கள். அங்கே யாரும் இன்னும் விழுந்துவிடவில்லை. விழக்கூடும் என்பதே போதிய காரணமாக எண்ணப்படுகிறது. மாடியில் நடமாடப்போகிறவன் யார் என்பதும் சொல்லப்படவில்லை. விருந்தாளியாக இருக்கலாம், வேலையாளாக இருக்கலாம், அயல்வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். வீடு என்னுடையதானால் அதனால் பிறனுக்கு வரக்கூடிய ஆபத்தும் என் பொறுப்பு என்பதே அதன் கருத்து. வண்டியின் பின்புறமும் அப்படிப்பட்ட ஒரு மாடியே. அடுத்த கூட்டத்தில் மூப்பர்கள் இதைக் குறித்துப் பேசி, கூடுதல் விளக்கு போடுவதென்று தீர்மானித்தார்கள்.

தீர்மானம் எளிதாக முடிந்தது. அதை நிறைவேற்றும் வழியில்தான் கவனம் தேவைப்பட்டது. ஒரு கடையில் விசாரித்தபோது, "அரை மணி நேர வேலை, ஏற்கெனவே உள்ள ரிவர்ஸ் விளக்கின் வயரை வெட்டி, புதிய விளக்கு இரண்டையும் அதிலேயே சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்துவிடுவோம்" என்றார்கள். அந்த வழியில் விளக்கு எரியும் என்பதில் ஐயமில்லை. எத்தனையோ வண்டிகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் சபையைச் சேர்ந்த மூத்த சகோதரர் ஒருவர், பல ஆண்டுகளாக வண்டிகளின் மின்வேலையையே தொழிலாகச் செய்கிறவர், அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கு பள்ளிப்பிள்ளையும் போடக்கூடியது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். வண்டியின் பேட்டரி 12 வோல்ட். பழைய பல்புகள் இரண்டும் 21 வாட் என்றால் மொத்தம் 42 வாட், அவற்றிற்கு 3.5 ஆம்பியர் போதும். தயாரித்தவர்கள் அந்த அளவை மனத்தில் வைத்தே வயரின் பருமனையும், கியர்பாக்ஸில் உள்ள ரிவர்ஸ் சுவிட்சையும் அமைத்திருப்பார்கள். இப்போது அதே வழியில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டைச் சேர்த்தால், அவை மட்டுமே 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மொத்தம் 12 ஆம்பியரைத் தாண்டிவிடும். 3.5 ஆம்பியருக்காக வைத்த சிறிய சுவிட்ச் ஒவ்வொரு முறை ரிவர்ஸ் போடும்போதும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். அதன் முனைகள் கருகும், மெல்லிய வயர் சூடாகும், ஃபியூஸ் போகும். அத்தோடு நின்றால் நல்லது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று, அதைவிடப் பெரிய ஃபியூஸைச் செருகுவதும், வயர் இழையையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ சுற்றி வைப்பதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. வண்டி தீப்பற்றுவதற்கு அதுவே வாசல்.

இங்கே ஒரு காரியத்தை மறவாதிருங்கள். ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்காக வைக்கப்படுவதன்று. வயரைக் காப்பதற்காகவே வைக்கப்படுகிறது. வயரின் மேலுறை எங்கேனும் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு வண்டியின் இரும்பைத் தொட்டுவிட்டால், பேட்டரி தன்னிடமுள்ள முழுச் சக்தியையும் அந்த இடத்தில் கொட்டிவிடும். அது நூற்றுக்கணக்கான ஆம்பியர்களாக இருக்கும். அந்த வேளையில் வயர் எரிவதற்கு முன்னே ஃபியூஸ் எரிந்துபோக வேண்டும். ஆகவே அதன் எண், விளக்கு இழுக்கும் மின்சாரத்தைவிடச் சற்று அதிகமாகவும், வயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். அதன் இடம் பேட்டரியை ஒட்டியே, ஒரு சாண் தூரத்திற்குள், இருக்க வேண்டும். விளக்கின் அருகே ஃபியூஸ் வைத்தால் அங்கிருந்து பேட்டரி வரையுள்ள நீண்ட வயருக்குக் காவலே இல்லாமற்போகும்.

நாங்கள் வாங்கியவை 18 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு. மொத்தம் 36 வாட். கணக்கின்படி 3 ஆம்பியர். பெட்டியில் அச்சிட்ட எண்ணைச் சகோதரர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. விளக்குகளைப் பேட்டரியோடு நேரடியாக இணைத்து, மீட்டரால் அளந்து பார்த்தபின்னரே ஃபியூஸைத் தேர்ந்தெடுத்தார். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதுமானதாக இருந்தது. செருகும் தகட்டு ஃபியூஸ்களில் 5 ஆம்பியர் வெளிர்பழுப்பாகவும், 10 சிவப்பாகவும், 15 நீலமாகவும், 20 மஞ்சளாகவும், 30 பச்சையாகவும் இருக்கும். பிற்காலத்தில் யாராவது மாற்றி வைத்துவிட்டால் நிறமே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது ரிலே. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மடையைத் திறக்கிறவனுடைய கைபலத்தினால் வயலுக்குத் தண்ணீர் பாய்வதில்லை. குளத்தில் தேங்கியிருப்பதே பாய்கிறது. அவன் பலகையைத் தூக்குகிறான், அவ்வளவே. ரிலேயும் அப்படிப்பட்ட மடைப்பலகை. ரிவர்ஸ் கியர் போடும்போது பழைய விளக்கிற்குச் செல்கிற மின்சாரத்திலிருந்து மிகச் சிறிய பங்கு, ஏறத்தாழ 0.15 முதல் 0.2 ஆம்பியர் மட்டும், ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளுக்குச் செல்கிறது. அது காந்தமாகி உள்ளிருக்கும் முனையை இழுத்துச் சேர்க்கிறது. உடனே பேட்டரியிலிருந்து தனி வயர் வழியாகப் புதிய விளக்குகளுக்கு மின்சாரம் பாய்கிறது. பழைய சுவிட்சின் மேலும் பழைய வயரின் மேலும் புதிய பாரம் எதுவும் ஏறுவதில்லை.

ரிலேயின் அடியில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர், 87 என்ற முனையிலிருந்து விளக்குகளுக்குச் செல்லும் வயர், 86-க்கு ரிவர்ஸ் சுவிட்சிலிருந்து வரும் சமிக்ஞை வயர், 85-க்கு எர்த். ஐந்து முனையுள்ள ரிலேயில் 87ஏ என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். விளக்கை அதில் இணைத்தால் ரிவர்ஸ் போடாத நேரமெல்லாம் எரிந்து, ரிவர்ஸ் போட்டவுடன் அணைந்துவிடும்.

எங்கள் வண்டியில் ரிலேயைப் பேட்டரிக்கு அருகிலேயே, நீர் தெறிக்காத பக்கத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினார். இதனால் ஒரு நன்மை உண்டு. வண்டியின் அடிப்பாகத்தில் முன்னிருந்து பின்வரை ஓடும் நீண்ட வயரில், ரிவர்ஸ் கியர் போட்டிருக்கும் சில நொடிகளைத் தவிர, மற்ற நேரமெல்லாம் மின்சாரமே இருக்காது. சமிக்ஞை வயரை ரிவர்ஸ் சுவிட்சிலிருந்து வெளிவரும் வயரிலிருந்து எடுத்தார். சுவிட்சில் இரண்டு வயர்கள் இருக்குமே, எது வெளிவருவது? சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக் இழுத்து, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டும் எடுத்தும் மீட்டரால் பார்க்க வேண்டும். கியர் போட்டால் மட்டும் 12 வோல்ட் காட்டுகிற வயரே நமக்கு வேண்டியது. ஆனால் உங்கள் வண்டி புதிதாகவும், அதன் விளக்குகள் கணினிப்பெட்டியால் இயக்கப்படுகிறதாகவும் இருந்தால், எந்த வயரையும் தொடுவதற்கு முன் அந்த வண்டியின் வயரிங் வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். முடிந்தபின் அதையே கடைசியில் மாட்ட வேண்டும். காரணம் இதுதான். வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப்போய் வண்டியின் இரும்பில் பட்டால், பேட்டரி அந்த ஸ்பேனர் வழியாகவே ஷார்ட் ஆகும். தீப்பொறி பறக்கும், கை வெந்துபோகும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

வயரின் பருமனும் முக்கியம். நாங்கள் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் பயன்படுத்தினோம். 6 மீட்டர் நீளத்தில் 3 ஆம்பியர் ஓடும்போது அதில் ஏறத்தாழ 0.2 வோல்ட் மட்டுமே குறையும். கடையில் மலிவாகக் கிடைக்கிற 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 55 வாட் ஹாலஜன் இரண்டை ஓட்டினால், அதே நீளத்தில் ஏறத்தாழ 2 வோல்ட் குறையும். அந்த 2 வோல்ட் எங்கே போகிறது? வயருக்குள்ளேயே சூடாக மாறுகிறது. ஏறத்தாழ 18 வாட் வெப்பம், மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்ட கட்டுக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல் வெந்துகொண்டிருக்கும்.

வயர் போகும் பாதையில் சகோதரர் காட்டிய கவனமே எனக்கு மிகுந்த பாடமாக இருந்தது. சைலன்சர் குழாய் ஓடும் பக்கத்தைத் தவிர்த்து, சேசிஸின் மறுபக்கத்தில் உட்புறமாகக் கொண்டுபோனார். சுழலும் தண்டுக்கும், குதிக்கும் பட்டைகளுக்கும் எட்டாதபடி, சாண் சாணாகக் கட்டினார். நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரை நுழைத்தார். இரும்புத் துளையைக் கடக்கும் ஒவ்வோரிடத்திலும் ரப்பர் வளையம் வைத்தார். இரும்பின் விளிம்பு கூர்மையானது. வண்டியோ ஓயாமல் அதிர்கிறது. ரப்பர் இல்லாவிட்டால் நாளடைவில் அது வயரின் மேலுறையை அறுத்துவிடும். இணைப்புகளைக் கையால் முறுக்கி டேப் ஒட்டவில்லை. முனைகளை அதற்குரிய கருவியால் அழுத்தி இறுக்கி, சூட்டில் சுருங்கும் குழலால் மூடினார். வயரைக் கடித்துப் பிடிக்கும் சிறு கிளிப்புகளையும் மறுத்துவிட்டார். அவை உள்ளிருக்கும் இழைகளில் சிலவற்றை வெட்டிவிடும். வெட்டிய இடத்தில் ஈரம் புகுந்து பச்சை பூக்கும் என்றார்.

எர்த் கொடுப்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மின்சாரம் போனால் போதாது, திரும்பியும் வர வேண்டும். பெயிண்டின் மேல் திருகி வைத்தால் அது வராது; வந்தாலும் சரியாக வராது. சேசிஸில் ஓரிடத்தை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு, போல்ட்டால் இறுக்கி, அதன்பின் துருப்பிடிக்காதபடி மேலே பூச்சுக் கொடுத்தார். விளக்கு மினுக்கினாலோ மங்கலாக எரிந்தாலோ முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

விளக்குகளைப் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில், எண் பலகையையும் சிவப்பு விளக்குகளையும் மறைக்காமல், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினோம். வெளிச்சம் தரையில் விழ வேண்டும். மனிதர் முகத்தில் விழக்கூடாது. பின்னால் நிற்கிறவரின் கண்ணைக் கூசச்செய்தால் அவர் எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாமல் அங்கேயே திகைத்து நிற்பார். அப்பொழுது அவரைக் காப்பதற்காகப் போட்ட விளக்கே அவரை அகப்படுத்திவிடும். மழைக்காலத்தை எண்ணி, ஐபி 67 என்று குறிக்கப்பட்ட விளக்குகளையே தெரிந்தெடுத்தோம். தூசி புகாததும், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்குவதும் அந்தக் குறியின் பொருள்.

இந்த இடத்தில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "ஐயா, டாஷ்போர்டில் ஒரு தனி சுவிட்ச் வைத்தால், இரவில் சரக்கு இறக்கும்போதும் பயன்படுத்தலாமே?" நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆயினும் நாங்கள் வைக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆம் விதி, வண்டியின் பின்புறம் சிவப்பு அல்லாத வெளிச்சம் காட்டக்கூடாது என்கிறது. எண் பலகைக்கான வெள்ளை விளக்கு, பின்னோக்கிச் செல்லும்போது எரியும் வெள்ளை விளக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அதன் காரணத்தை எண்ணிப் பாருங்கள். இருட்டில் தூரத்தில் சிவப்பைக் கண்டால், வண்டி நமக்கு முன்னே போகிறது என்று அறிகிறோம். வெள்ளையைக் கண்டால், நம்மை நோக்கி வருகிறது என்று அறிகிறோம். வெள்ளை விளக்கை எரியவிட்டபடியே முன்னோக்கிப் போகிறவர், பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் பொய்சொல்லிக்கொண்டே போகிறார். சுவிட்சை அணைக்க மறப்பது மனித இயல்பு. ரிவர்ஸ் கியரோடு மட்டும் கட்டுப்பட்டிருக்கும் விளக்கு மறப்பதில்லை. கூடுதல் விளக்கு பொருத்துமுன் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் செய்யும் மாற்றம் சட்டத்திற்கு உட்பட்டிருப்பதும் பிறர்மேல் காட்டும் அக்கறையின் ஒரு பகுதியே.

எல்லாம் முடிந்தபின், விளக்குகளைப் பத்து நிமிடம் எரியவிட்டுச் சோதித்தார். ரிலேயையும், ஃபியூஸ் பெட்டியையும், ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்த்தார். சூடாக இருக்கும் இணைப்பு சரியில்லாத இணைப்பு. பேட்டரியில் உள்ள வோல்ட்டையும் விளக்கின் முனையில் உள்ள வோல்ட்டையும் அளந்து ஒப்பிட்டார். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்; இருந்தது. ஒரு மாதம் கழித்து ஒருமுறையும், பெருமழைக்குப் பின் ஒருமுறையும் கீழே படுத்துப் பார்க்க வேண்டும் என்று ஓட்டுகிற தம்பியிடம் சொல்லிவைத்தார். அரை மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்ன வேலைக்கு இரண்டு சனிக்கிழமை மாலைகள் ஆயின. வெளியே நின்று பார்த்தால் இரண்டு முறைக்கும் வேறுபாடே தெரியாது. இரண்டிலும் விளக்கு எரியும். வேறுபாடு முழுவதும் கண்ணுக்கு மறைவான இடத்தில்தான் இருக்கிறது.

அன்பானவர்களே, இதை எழுதும்போது ஒரு காரியம் என் உள்ளத்தை உறுத்துகிறது. விளக்கு வந்துவிட்டதென்று நாம் அசட்டையாகிவிடக்கூடாது. வெளிச்சம் வேறு, பார்வை வேறு. பின்கதவுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுபிள்ளையை, எத்தனை விளக்கு எரிந்தாலும், எந்தக் கண்ணாடியும் காட்டாது. இது ஏழை நாடு, செல்வ நாடு என்று பாராத ஆபத்து. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு, தன் வீட்டு முற்றத்தில் வண்டியைப் பின்னெடுத்த ஒரு தகப்பன், தன் இரண்டு வயது மகனையே இழந்தார். அவர் ஒரு குழந்தை மருத்துவர். கேமரூன் கல்பிரான்சன் என்ற அந்தக் குழந்தையின் பெயரால் 2008-இல் அங்கே ஒரு சட்டம் கையெழுத்தானது. அதன் விளைவாக 2018 மே மாதம் முதல் அந்நாட்டில் புதிய கார்களிலும் பிக்கப்புகளிலும் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று. அதாவது ஒரு குழந்தையின் மரணத்திற்கும் அந்த விதி முழுமையாக நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே 15 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. நம் நாட்டிலும் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்புற உணர்கருவி கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் நம் தெருக்களில் ஓடுபவற்றில் பழைய வண்டிகளே மிகுதி. அவற்றிற்குச் சட்டம் வந்துசேரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே விளக்கோடு சேர்த்துச் சில ஒழுங்குகளையும் நம் வண்டிக்கு ஏற்படுத்தியிருக்கிறோம். உங்கள் வண்டிக்கும் அவற்றை வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். வண்டியை எடுக்குமுன் ஓட்டுகிறவர் ஒருமுறை அதைச் சுற்றி நடந்து வர வேண்டும். பின்னெடுக்கும்போது ஒருவர் கீழே இறங்கி, ஓட்டுகிறவரின் கண்ணாடியில் தாம் தெரியும்படி, வண்டிக்கு நேர் பின்னால் அல்லாமல் ஓரமாக நிற்க வேண்டும். சொல்லும் வார்த்தை இரண்டே: "வரட்டும்", "ஹோல்டான்". பலர் கூடி நின்று ஆளுக்கொரு சைகை காட்டக்கூடாது. வழிகாட்டுகிறவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்தக் கணமே வண்டி நிற்க வேண்டும். பாட்டுப் பெட்டி அணைந்திருக்க வேண்டும். பக்கக் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். ரிவர்ஸ் விளக்கின் முகத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தனியாகப் போயிருக்கும் நேரத்தில் ஐயம் தோன்றினால், இறங்கிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். அதற்குச் செலவாகும் அரை நிமிடத்தால் எந்தப் பாலும் கெட்டுப்போவதில்லை; எந்த மீனும் அழுகிப்போவதில்லை.

நம்மில் மின்வேலை தெரியாதவர்கள் தாங்களே இதைச் செய்ய முற்பட வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள். அருகில் நின்று, "ஃபியூஸ் எங்கே வைக்கிறீர்கள்? ரிலே போடுகிறீர்களா? எர்த் எங்கே கொடுக்கிறீர்கள்?" என்று இந்த மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். நல்ல வேலையாள் அதற்குக் கோபப்படமாட்டார், மகிழ்ச்சியோடு காட்டுவார். அவர் கேட்கும் கூடுதலான சில நூறு ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மறைவான இடத்திலும் ஒழுங்காகச் செய்கிறவருடைய கூலி அது.

இந்த வாரம் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும், ஒருநாள் மாலை இருட்டினபின், தங்கள் வண்டியின் பின்னால் போய் நின்று பாருங்கள். வேறொருவரை உள்ளே உட்காரவைத்து, சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போடச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெளிச்சம் விழுகிறதா? குனிந்தால் அவருக்கு நீங்கள் தெரிகிறீர்களா? ஓட்டுகிறவரின் இருக்கையில் இருந்தபடி ஒருபோதும் தெரியாத சில காரியங்கள் அங்கே நின்றால் தெரியும். தெரிந்தபின் செய்ய வேண்டியதைத் தாமதிக்காமல் செய்யுங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும், உங்கள் வண்டியின் பின்னால் நடந்துபோகிறவர்களையும் காப்பாராக.